பெடலில் கட்டிய போன்

ஜூலை 21, திங்கள்

'காலடி' செயலிக்குச் சோதனையாளனாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கோயம்புத்தூர்க் கம்பெனி. நடக்கிற அடிகளை எண்ணும் செயலி, இன்னும் பொதுமக்களுக்கு வெளியே விடவில்லை. சோதனையாளர்கள் தினமும் குறிப்பு எழுதிவைக்க வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார்கள். அதைப் போனிலேயே எழுதலாம்தான். ஆனால் இதுவரை ஆறு நாட்குறிப்புச் செயலிகளில் எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றில் கடவுச்சொல் மறந்துபோயிற்று. இரண்டு கம்பெனிகளை இழுத்து மூடிவிட்டார்கள். ஒன்று என்னையே யார் என்று கேட்டது. ஆகவே கடையில் மிச்சம் கிடந்த இந்த நீள நோட்டு.

கடை என்றால் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை. கோவில்பட்டி பத்திர ஆபீசுக்கு எதிரே. இந்த ஊரில் போனிலேயே கரண்ட் பில் கட்டிய முதல் ஆள் தனுஷ்கோடியாகிய நான்தான். நம்பாதவர்களுக்குக் காட்ட ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. போன சனிக்கிழமை டாக்டர் ஜெயசீலி என் மூன்று மாதச் சர்க்கரை சராசரியைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். 9.1.

"தீபாவளிக்கு முன்னாடி மறுபடி ரத்தம் எடுப்போம். அதுக்குள்ள குறையலன்னா இன்சுலின் ஊசிதான் தனுஷ்கோடி. நடங்க. உக்காந்தே இருக்காதீங்க."

ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அதனால்தான் 'காலடி'. டாக்டரம்மா போனிலும் என் அடிக்கணக்கு தெரியும்படி இணைத்துவிட்டேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் இணைத்துக் கொடுத்தேன். இதெல்லாம் யார் செய்வார்கள்?

செண்பகவல்லியிடம் காட்டினேன். என் மனைவி, தாய்மாமன் மகளும் கூட. ரவிக்கை தைப்பதில் இந்தத் தெருவில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஊசியில் நூல் கோத்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

"நடக்கதுக்கு எதுக்கு அத்தான் செயலி? காலு போதாதா?"

இவர்களுக்குத் தொழில்நுட்பத்தை விளக்குவது எனக்கு ஆகாத காரியம்.

ஜூலை 23, புதன்

நடந்தேன். 2,140 அடி. தெருமுனையில் நாய் துரத்தியதில் கடைசி முந்நூறு அடி வேகமாக வந்தது. செயலி அதை 'அருமையான ஓட்டம்' என்று பாராட்டியது.

ஜூலை 26, சனி

மழை வருவது போலிருந்தது. நடக்கவில்லை. மழையும் வரவில்லை.

ஜூலை 30, புதன்

இதுவரை ஒன்பது குறைகளைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், ஒன்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். பத்தாவது குறையை ஏற்றுக்கொண்டால் 'மூத்த சோதனையாளர்' பட்டம், பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறப் பாதம். அங்கே மிருதுளா என்ற பெண்தான் எனக்குப் பதில் போடுகிறாள். கெட்டிக்காரி.

இன்றைய நடை 610 அடி. எதிர்க் கடலைமிட்டாய்க் கடை வரை நான்கு முறை போய்வந்தது. ஒரே ஒரு மிட்டாய். சரி, இரண்டு.

செண்பகம் மறுபடியும் தையல் மெஷினுக்கு மோட்டார் கேட்டாள். பெடலை மிதித்து மிதித்துக் கால் கடுக்கிறதாம். நான் சும்மா இருக்கவில்லையே? மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன். போனிலிருந்தே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மோட்டார் ஒன்று வரப்போவதாக எங்கோ படித்தேன். அது வருவதற்குள் அவசரப்பட்டுப் பழைய மாதிரி ஒன்றை வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது.

நான் அவளுக்காக எதையும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போன வருடம் தூக்கத்தை அளக்கும் செயலியைப் போட்டபோது, விடியற்காலையில் மெஷின் சத்தத்தால் என் தூக்கத்துக்கு நூற்றுக்கு ஐம்பத்தாறுதான் கிடைத்தது. எடுத்துச் சொன்னேன். அவளும் புரிந்துகொண்டு மெஷினைப் பின்னறைக்கு மாற்றிவிட்டாள். அதிலிருந்து எனக்குத் தொண்ணூற்றொன்று. ஏழு மணிவரை அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அதிசயம்! சோதனைக்கென்றே வைத்திருக்கும் பழைய போனை மெஷின் பலகைமேல் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் 900 அடி ஏறியிருக்கிறது. நான் ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை. மெஷின் ஆட்டத்தை நடை என்று எண்ணியிருக்கிறது!

பலகையிலேயே 900 என்றால் பெடலில்?

ஆகஸ்ட் 4, திங்கள்

இது முழுக்க முழுக்க அறிவியல் சோதனை என்பதைப் பதிவு செய்கிறேன்.

போனைத் துணிப்பையில் போட்டு, பெடலின் வலது பாதியில் நாடாவால் இறுக்கிக் கட்டினேன். செண்பகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என் காலடியில என்னத்தயாவது கட்டி வைக்கிய. எங்க மிதிக்க நான்?"

"இடது ஓரமா மிதி. போன் மேல கால் படக்கூடாது. ரெண்டே நாள்தான்ளா."

"ரெண்டு நாள்னா ரெண்டு நாள்தான். தீபாவளிக்கு இப்பமே துணி வந்து குமியுது."

சாயங்காலம் கணக்கு: 17,320. செயலியில் வாணவேடிக்கை காட்டினார்கள். டாக்டரம்மாவிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது. எனக்கே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

குறை என்று கம்பெனிக்கு எழுதத்தான் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் தகவல் திரட்டிவிட்டு எழுதலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செயலியின் கோவில்பட்டிச் சோதனையாளர் பட்டியலில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம். முதலிடத்துக்கான இந்த வாரக் கிரீடம் எனக்கு! இரண்டாவது இடம் ஞானதுரை சார். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடைமழையிலும் ஹாக்கி மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றுகிற மனிதர். நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"என்னய்யா தனுஷ்கோடி, நூறு மீட்டர் ஓடச் சொன்னா வயித்தவலிம்ப. இப்ப பதினெட்டாயிரம் நடக்குற? எங்கய்யா நடக்குற? மைதானத்துல உன்னயக் காணுமே?"

"வீட்டுக்குள்ளயே நடக்கேன் சார்."

"வீட்டுக்குள்ள பதினெட்டாயிரமா? தரை தேய்ஞ்சிருக்கும்லய்யா!"

சிரித்துச் சமாளித்தேன். மனுஷர் போகும்போது கடைக்குள் எட்டி என் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

புதுச் செருப்பு வாங்கி, சிமெண்டுத் தரையில் தேய்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்றாவது கிரீடம். பெடலில் போன் கட்டிய ரெண்டு நாள் இன்றோடு இருபத்தோராம் நாள். செண்பகம் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள், பழகிவிட்டது போலிருக்கிறது.

மாவு மில்லுக்கு என்னைப் போகச் சொன்னாள். படியிறங்கினால் கால் தெறிக்கிறதாம். 'காலடி'யின் புதிய பதிப்பு இறங்கிக்கொண்டிருந்தது, பாதியில் விட்டால் கெட்டுவிடும், அப்புறம் போகிறேன் என்றேன். அவளே போய்விட்டாள். வந்து வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். வெயில்.

கால்வலி என்கிறாளே என்று நானும் விட்டுவிடவில்லை. வலியைப் பதிவு செய்ய ஓர் அருமையான செயலி இருக்கிறது. மனித உடல் படம் வரும், வலிக்கிற இடத்தைத் தொட்டால் சிவப்பாகும், எத்தனை சிவப்பு என்று வாரக் கணக்கே கொடுக்கும். அவள் போனில் இறக்கிக் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

செப்டம்பர் 6, சனி

மோசம் போனேன்.

சும்மா இடையில் பார்க்கலாம் என்று டாக்டரம்மா வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார். 212. தன் போனில் என் அடிக்கணக்கைப் பார்த்தார், ரத்தக் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தினம் பதினெட்டாயிரம் அடி. ஒரு நாள் தப்பாம. இருபது வயசுலேருந்து எம்பது வயசு வரைக்கும் என் பேஷண்டுங்க யாரும் இப்படி நடந்து காட்டுனதில்ல. இவ்வளவு நடந்தும் குறையலன்னா மாத்திரை உங்களுக்குப் பத்தலன்னு அர்த்தம். அக்டோபர் பதினெட்டாம் தேதி பார்ப்போம். இன்சுலினுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க."

வாயைத் திறந்தேன். "டாக்டரம்மா, அந்தப் பதினெட்டாயிரம்..." என்று ஆரம்பித்தேன்.

"ரொம்பப் பெருமையா இருக்கு எனக்கு. மத்த பேஷண்டுங்க கிட்ட உங்க கணக்கைத்தான் காட்டுறேன்" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன்.

நடக்காமலே நடந்தேன் என்று காட்டி, நடந்தும் பிரயோசனமில்லை என்று ஊசிக்கு நானே சீட்டு வாங்கிவிட்டேன். இனி உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ஊசி ஏறும். வரும் வழியில் மனசு ஆறாமல் மூன்று கடலைமிட்டாய்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பத்தாவது குறை மாட்டியது!

புதிய பதிப்பில் மணிவாரியாக அடிக்கணக்கு காட்டுகிறார்கள். போனை ராத்திரியும் பெடலிலேயே விட்டுவிடுகிறேனா, இன்று அவிழ்த்துச் சார்ஜ் போடும்போது பார்த்தேன். விடியற்காலை 4.07க்கு அடிகள் தொடங்குகின்றன. ஆறு மணிக்குள் ஐயாயிரத்துச் சொச்சம். நேற்றும் அப்படியே. முந்தாநாளும். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் யார் நடப்பது? பேயா?

கடிகாரக் கோளாறு, சந்தேகமே இல்லை. காலை ஒன்பது மணி அடிகளை நாலு மணி என்று காட்டுகிறது. மிருதுளாவுக்கு விலாவாரியாக எழுதினேன். 'குறை எண் 10: யாரும் விழித்திராத நேரத்தில் அடிகள் பதிவாகின்றன.' படங்களும் இணைத்தேன். தங்கப் பாதம் வந்த மாதிரிதான்.

செண்பகத்திடம் சொன்னேன். பொத்தானை உதட்டில் கவ்விக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. சிரித்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

மிருதுளாவின் பதிலை அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

'வணக்கம் சார். கடிகாரத்தை மூன்று முறை சரிபார்த்தோம். கோளாறு இல்லை. அந்த அடிகள் விடியற்காலை நான்கு மணிக்கு நிஜமாகவே நடந்தவை. ஆனால் இவை நடையே இல்லை, சார். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு காலால் மட்டும் எதையோ மிதிப்பது போலிருக்கிறது. இரண்டு வாரமாக வேகம் குறைந்துகொண்டே வருகிறது, இடையிடையே நின்று நின்று தொடர்கிறது. தப்பாக நினைக்காதீர்கள். இது யாருடைய கால்?'

என்ன கேள்வி இது? தங்களுடைய குறையை மறைக்க என்னவெல்லாம் சொல்கிறார்கள்! நாளைக்கு நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். கையோடு வீடியோ எடுத்து அனுப்பி, வாயை அடைத்துவிடுகிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நாலு மணிக்கு எழுந்தேன். பக்கத்தில் பாய் காலியாக இருந்தது. பின்னறைக் கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது.

கதவைத் தள்ளினேன். செண்பகம் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் கால்களுக்கு அடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தாள், எனக்குச் சத்தம் கேட்காமல் இருக்க. வலது காலைக் கவிழ்த்த வாளிமேல் நீட்டி வைத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே அது வீங்கி, பச்சை நரம்புகள் முண்டு முண்டாகப் புடைத்திருந்தன. இடது காலால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலையும் முழுசாக வைக்கவில்லை. என் போன் இருக்கிறதே, அதன்மேல் படாமல் பாதத்தைச் சாய்த்து ஓரத்தில் வைத்து மிதித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தான், இந்நேரத்துக்கு எந்திரிச்சிட்டிய? சத்தம் கேட்டுட்டா?"

வாளிமேல் இருந்த காலையே பார்த்தபடி கேட்டேன்.

"எத்தன நாளா நாலு மணிக்கு எந்திரிக்க நீ?"

"எப்பவும்தான். பகல்ல சமையலு, உங்களுக்குக் கடைக்குச் சோறு, அளவு குடுக்க வர்ற பிள்ளைய... காலைல ரெண்டு மணி நேரம்தான் நிம்மதியா ஓட்டலாம்."

"காலு இப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாளா?"

கையில் இருந்த ரவிக்கையை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

"சொன்னேனே அத்தான். நீங்க அதுக்கு ஒரு செயலி இறக்கிக் குடுத்திய."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயது ஆம்பிளை, கையில் வீடியோ எடுக்கத் திறந்த போனை வைத்துக்கொண்டு, ஏங்கி ஏங்கி அழுதேன். அவள் பதறிப்போய், "சர்க்கரை இறங்கிட்டா? மிட்டாய் எதும் வேணுமா?" என்று கேட்டாள். அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதேன்.

நாடாவின் முடிச்சு அவிழவில்லை. கத்தரியை வாங்கி வெட்டி எடுத்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆறு வாரக் கிரீடங்கள். எல்லாம் அவள் கால்.

செப்டம்பர் 20, சனி

இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். செண்பகத்தின் காலைக் காட்டுவதற்கு முன்னால் நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பெடல், பை, நாடா, செருப்பைத் தேய்த்தது உட்பட.

டாக்டரம்மா தன் போனை எடுத்து அந்தப் பதினெட்டாயிரங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அப்போ ஒன்றரை மாசமா நான் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டது செண்பகம் காலையா?"

"ஆமா டாக்டரம்மா."

"நீங்க நடக்குறீங்கன்னு நம்பித்தானேய்யா மருந்து முடிவு பண்ணுறேன்? ஊசியை அன்னைக்கே போட்டிருந்தா? விளையாட்டா இது?"

திட்டு விழுந்தது. நன்றாகவே விழுந்தது. வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். செண்பகம்தான் குறுக்கே விழுந்தாள். "விடுங்கம்மா, அவுக ஒரு மாதிரி. போனு கையில இருந்தா சோறு தண்ணி தெரியாது. கெட்ட எண்ணம் கிடையாது." அப்படிப் பரிந்து பேசியதுதான் திட்டைவிட அதிகமாகச் சுட்டது.

செண்பகத்துக்கு நரம்புச் சுருட்டல். இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தார். பெடல் மிதிக்கவே கூடாது, ஓய்வு நேரத்தில் காலை உயர்த்தி வைக்க வேண்டும், இப்போதே வந்ததால் ஆபரேஷன் வரைக்கும் போகாமல் தப்பிக்கலாம் என்றார்.

என்னிடம் திரும்பி, "இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கு. உங்க சொந்தக் கால்ல நடங்க" என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

மெக்கானிக் வந்து மெஷினுக்கு மோட்டார் மாட்டிவிட்டுப் போனார். இருபது நிமிடம் ஆயிற்று. மூன்று வருட ஆராய்ச்சி!

சாதாரண மோட்டார்தான், காலால் லேசாக அமுக்கினால் ஓடுகிறது. போனோடு பேசாது. செண்பகம் ஒரு முழு ரவிக்கையைத் தைத்து முடித்துவிட்டு மோட்டாரைத் தட்டிக் கொடுத்தாள். "நல்ல பிள்ளை. சொன்னதைக் கேக்கு" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பட்டியலில் நாற்பத்தொன்றாவது இடம். எனக்குக் கீழே உள்ள இரண்டு பேரில் ஒருவர் துபாய் போய்விட்டார், இன்னொருவர் போனைத் தொலைத்துவிட்டார்.

செப்டம்பர் 25, வியாழன்

ஞானதுரை சார் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வாசலிலேயே நின்று சொன்னேன், உள்ளே போனால் கை வைத்துவிடுவாரோ என்று. அவர் முகம் சிவந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தையல் மெஷினா? நான் ஒன்னத் தாண்டணும்னு முட்டித் தேய நடந்தேன்யா! மூணு கிலோ எறங்கிட்டேன்!"

"மன்னிச்சிருங்க சார்."

"மன்னிக்கதெல்லாம் கிடையாது. நாளைக்கு அஞ்சரைக்கு ஹாக்கி மைதானம். வரல, விசில் ஊதிக்கிட்டு ஒன் வீட்டுக்கே வருவேன்."

செப்டம்பர் 26, வெள்ளி

போகவில்லை. வந்தார். ஊதினார். தெருவே எழுந்துவிட்டது.

அக்டோபர் 2, வியாழன்

உடம்பில் இவ்வளவு இடம் வலிக்கும் என்று தெரியாது. அந்த வலிச் செயலியைத் திறந்தால் படம் முழுக்கச் சிவப்பாகிவிடும். திறக்கவில்லை.

ஆனால் 5,212 அடி. எல்லாம் என்னுடையது. போனைச் சட்டைப்பையில் வைத்து நானே நடந்தது.

தைத்த ரவிக்கைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். ஸ்கூட்டர் சாவியை செண்பகம் அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். நடந்தேதான். "அண்ணாச்சி, அக்காகிட்ட கை கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு சொல்லுங்க", "அண்ணாச்சி, பின்னாடி கயிறு வைக்கச் சொன்னேனே?" எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வருகிறேன். இதற்கென்று ஒரு செயலி செய்தால் எப்படி இருக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். துண்டுச் சீட்டே போதும் என்று முடிவு செய்தோம்.

அக்டோபர் 9, வியாழன்

7,480. மாவு மில்லுக்கும் நான்தான். கடலைமிட்டாய்க் கடைக்காரர் "உடம்பு சரியில்லையா அண்ணாச்சி, இந்தப் பக்கமே காணும்" என்று விசாரித்தார். கண்ணை மூடிக்கொண்டு தாண்டி வந்தேன்.

நான் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன். அவள் ஆறு வரை தூங்குகிறாள். அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள் போலிருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மிருதுளாவிடமிருந்து மின்னஞ்சல். குறை எண் 10 இன்னும் முடிக்கப்படாமல் கிடக்கிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். நான் எழுதிய பதில்:

'செயலியில் குறை இல்லை அம்மா. அது என் மனைவியின் கால். பதினைந்து மாதமாக விடியற்காலையில் எனக்குச் சத்தம் கேட்காமல் மிதித்துக்கொண்டிருந்தாள். உங்கள் செயலி ஒன்றரை மாதத்தில் கண்டுபிடித்தது, பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. குறையை என் பெயரில் போட்டு முடித்துவிடுங்கள்.'

சாயங்காலம் பார்த்தால் என் பெயருக்குப் பக்கத்தில் தங்கப் பாதம் ஒட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். 'உட்கார்ந்து மிதிப்பதை நடை என்று எண்ணுவது எங்கள் குறைதானே சார்? சரிசெய்துவிட்டோம். இனி யாரும் உங்களை மாதிரி ஏமாற்ற முடியாது' என்று எழுதி, ஒரு சிரிப்புப் படமும் போட்டிருந்தாள்.

அக்டோபர் 18, சனி

ராத்திரி முழுக்க நல்ல தூக்கமில்லை. ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும்போது வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். செண்பகம் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ஊசிக்கே இப்படின்னா" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியைத் தொட்டார். கழற்றிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றவில்லை.

வெறும் வயிற்றில் 146. மூன்று மாதச் சராசரி 8.3.

"நல்லா ஆயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இருபத்தெட்டு நாள்ல இவ்வளவு இறங்கியிருக்கு. ஊசி இப்போதைக்கு வேண்டாம். இப்படியே நடந்தீங்கன்னா பொங்கலுக்கப்புறம் பார்ப்போம்."

எழுந்து கும்பிட்டேன். அவர் விடவில்லை. தன் போனை எடுத்து என் அடிக்கணக்கைப் பெரிதாக்கிப் பார்த்தார். 5,212. 6,030. 7,480. 4,900.

"முன்னாடி ஒரே மாதிரி பதினெட்டாயிரம், பதினெட்டாயிரம்னு வரும். இப்ப ஏறி இறங்கி வருது. இதைப் பார்த்தாத்தான் மனுசன் நடந்த மாதிரி இருக்கு" என்றார்.

அப்புறம் செண்பகத்தின் காலைப் பார்த்தார். வீக்கம் பாதிக்கு மேல் வடிந்திருந்தது. எனக்கு என் 146ஐ விட அதுதான் சந்தோஷம். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

கடைசி ரவிக்கையை நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பி.டி. சார் வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சார் வாசலில் நின்று கணக்கைக் காட்டச் சொன்னார். 9,114 காட்டினேன். தன்னுடையதைக் காட்டினார், 13,600. "பெடல் இல்லாம தாண்டிப் பாரு" என்றார்.

மகள் சுகன்யா ஓசூரிலிருந்து வந்திருக்கிறாள். நடந்த கதையெல்லாம் அவள் அம்மா சொல்ல, மெத்தையில் உருண்டு சிரித்தாள். அப்புறம், "அம்மா, ஊருக்கே உன் கால் தெரியும். உன் பேர்லயே ஒரு கணக்கு இருக்கட்டும்" என்று அம்மாவின் போனில் 'காலடி'யை இறக்கிக் கொடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். நானே ஒரு செயலியை வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல்முறை.

தீபாவளி நாளில் செண்பகம் தைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. யாராவது ஒருத்தி கொக்கி அறுந்துவிட்டது என்று ஓடி வருவாள். இன்றும் இரண்டு பேர் வந்தார்கள். வாசலிலேயே வாங்கி ஊக்கு குத்திக் கொடுத்தனுப்பினேன். மெஷினைப் போர்வையால் மூடி, மேலே என் புதுச் சட்டை அட்டைப்பெட்டியை வைத்துவிட்டேன்.

அவள் புதுப் புடவையோடு நாற்காலியில் சாய்ந்து, காலுறை போட்ட இரண்டு கால்களையும் ஸ்டூல்மேல் நீட்டி, தெருவில் சங்குசக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் போன் கிணிங் என்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"'செண்பகவல்லி, இன்று நீங்கள் 214 அடிகளே நடந்திருக்கிறீர்கள். சோம்பல் வேண்டாம், எழுந்திருங்கள்!' யாரு அத்தான் இது, என்னப் போயி சோம்பேறிங்கான்?"

அப்படிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். 214. நான் பார்த்ததிலேயே நல்ல கணக்கு அதுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

"நீ எந்திரிக்காத. சொன்னது எனக்குத்தான்" என்று நான் எழுந்து போய்க் காப்பி போட்டேன். அவளுக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு, எனக்குச் சர்க்கரை இல்லாமல்.